ஆய்வுக்கு மட்டும் ஓர் அனுமதி

விண்ணப்பத்தின் பதினோராவது கேள்வி மிகச் சின்னது. ஆய்வு நடக்கப்போகும் நிலத்துக்குள் மக்கள் யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்டது. எதிரே 'இல்லை' என்று அடித்திருந்தது. மாரிசெல்வி அதை அழித்துவிட்டுப் 'பதினேழு வீடுகள்' என்று அடித்தாள். மறுநாள் காலையில் திறந்தபோது திரும்பவும் 'இல்லை' என்றிருந்தது. திரும்பவும் அழித்தாள். ஜூன் மாதத்தின் கடைசி இரண்டு வாரத்தில் இது நாலு தடவை நடந்தது. ஐந்தாவது தடவை அலுவலகத் தலைவர் அனந்தநாராயணன் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"யாராக்கும் இந்தப் பதினேழு?"

"நான்தான் சார் போட்டேன்."

"நீ ஒருத்தியே பதினேழு வீட்டுல குடியிருக்கியோ?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். மாரிசெல்வி சிரிக்கவில்லை. "நான் அரை வீட்டுலதான் சார் இருக்கேன். இது மலைமேல இருக்கவங்க வீடு" என்றாள்.

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இனிப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. எட்டுப் பேர். அணை, சாலை, சுரங்கம் என்று எதையாவது கட்ட நினைக்கிறவர்களுக்கு, அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டிய தாள்களைத் தயார் செய்துகொடுப்பது அவர்கள் தொழில். அனந்தநாராயணன் மின் துறையில் முப்பது வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதுங்காக்காரர். மாரிசெல்விக்கு முப்பத்துநாலு வயது. வரைபடம் போடுவது அவள் வேலை. தாராவியிலிருந்து நடந்து சயானில் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, பதினோரு வருஷமாக வந்துபோகிறாள். அந்த அலுவலகத்திலிருந்து போன எல்லா வரைபடங்களின் வலது மூலையிலும் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கும்.

இப்போது கையில் இருந்தது ஒரு நீரேற்று மின் திட்டம். மலைமேல் ஒரு பீடபூமியில் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஓர் ஏரி. பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும்போது கீழ்த் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துக்கொள்ள வேண்டியது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்க வேண்டியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அனந்தநாராயணன் இதைத் தன் அடுக்குமாடியின் மொட்டைமாடித் தொட்டியைக் காட்டித்தான் விளக்குவார். மாரிசெல்விக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அப்பா பிச்சையா மாதுங்காவில் ஒரு கட்டடத்தில் முப்பத்தோரு வருஷம் பம்ப் போட்டவர். தண்ணீர் மேலே போவதற்குக் கீழே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

திட்டத்தை இன்னும் யாரும் கட்டப்போவதில்லை. பாறை தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு இருபத்திரண்டு இடத்தில் ஆழத் துளை போட வேண்டும், இயந்திரம் ஏறப் பாதை வெட்ட வேண்டும். அது காட்டு நிலம். ஆகவே துளை போட வனத்துறையின் அனுமதி வேண்டும். பதினோராவது கேள்வி இருந்தது அந்த விண்ணப்பத்தில்தான்.

மே மாதம் அந்தப் பீடபூமிக்குப் போய் அளந்துவிட்டு வந்தவர் ஜஹாங்கீர் பாய். நாற்பது தாண்டியவர், தாராவிக்காரர்தான், பூர்வீகம் மேலப்பாளையம். ட்ரோன் விட்டுப் படம் எடுப்பதில் கெட்டிக்காரர். அவர் கொண்டுவந்த தாளில் பதினேழு கட்டடங்களுக்கும் எதிரே 'மாட்டுக் கொட்டகை' என்று இருந்தது.

"எல்லாம் பூட்டிக் கெடந்துச்சு செல்வி. ஓர் ஆள் இல்ல, ஓர் ஆடு இல்ல" என்றார் அவர். "போன்ல இருக்கிற ஃபாரத்துல மூணே மூணுதான் உண்டு. வீடு, கொட்டகை, இடிஞ்சது. வீடுன்னு தட்டினா எத்தன பேரு இருக்காங்கன்னு கேக்கும். சைபர் போட்டா எடுக்காது. நான் என்ன பண்ண, கொட்டகைன்னு தட்டிட்டேன்."

"பூட்டிக் கெடந்ததுன்னு தட்ட எடம் இல்லையா?"

"அந்த ஆப்ஷனே இல்லம்மா. டென்ஷன் எடுக்காத."

மாரிசெல்வி டென்ஷன் எடுத்தாள். பழைய செயற்கைக்கோள் படங்களைத் தோண்டினாள். போன வருஷம் ஜூலை, அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட், அதற்கும் முந்தின வருஷம். மூன்று மழைக்காலத்திலும் அந்தப் பதினேழு கூரைகள் மீதும் நீலம் தெரிந்தது. தாட்பத்ரி, மழைக்குப் போடும் தார்ப்பாய். அலுவலகத்தில் மற்றவர்கள் அதைப் பார்த்திருந்தாலும் நீலமாக ஏதோ என்றுதான் நினைத்திருப்பார்கள். தாராவியில் பிறந்தவளுக்கு அது வேறு. மே கடைசியில் தெருவே கூரைமேல் ஏறி நிற்கும். பழைய தாட்பத்ரியை உருவி, புதிதை விரித்து, கயிறு கட்டி, செங்கல்லும் டயரும் தூக்கிவைத்து இறங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். ஒரு தாட்பத்ரி இரண்டு மழைக்குமேல் தாங்காது. ஆள் இல்லாத கொட்டகைக்கு வருஷா வருஷம் எவனும் அதைச் செய்யமாட்டான். உள்ளே படுக்கிறவன் தலையில் சொட்டும் என்பதால்தான் செய்வான்.

இதைத்தான் அவள் அனந்தநாராயணனிடம் சொன்னாள். அவர் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"சரி. மழைக்கு வரா, வெயிலுக்குப் போயிடறா. அதுக்கென்ன? நாம இப்போ அணை கட்டறதுக்கா பெர்மிஷன் கேக்கறோம்? படிக்கறதுக்கு. வெறும் ஸ்டடி. நாலு இஞ்ச் ஓட்டை போட்டுப் பாத்துட்டு மூடிடுவா. யாரையும் எழுந்திருன்னு சொல்லப்போறதில்லை."

"பொறவு அணைன்னு வந்தா சார்?"

"அப்போ தனியா, விஸ்தாரமா ஒரு ஆய்வு உண்டு. அதுல எல்லாரையும் எண்ணுவா."

"அந்த ஆய்வுல என்னென்ன பாக்கணும்னு எத வச்சு சார் முடிவு பண்ணுவாங்க?"

இந்த விண்ணப்பத்தை வைத்துத்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இப்ப இல்லன்னு எழுதிட்டா, பொறவு உண்டுன்னு எழுத யாரு சார் மெனக்கெட்டு மல ஏறுவா? ஏற்கெனவே இல்லன்னு இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்த விதம் இது. போன வருஷம் கார்த்திகையில், குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டித்தருவதற்காக அவர்கள் சந்தில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அப்படி ஆள் வருகிற நாளில் சந்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. வேலைக்கு விடுப்புப் போட்டாவது வீட்டுக்கு ஒருவர் நிலைப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாள் பார்த்துப் பிச்சையா ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சு வலி என்று விடியற்காலையில் டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு அம்மாவும் மகளுமாகப் போய்விட்டார்கள். பூட்டை யார் போட்டது என்றுகூட அவளுக்கு நினைவில்லை. எதிர்வீட்டுக் கீதா, "இருக்காங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்று இந்தியிலும் மராத்தியிலும் சொல்லிப் பார்த்தாளாம். வந்தவன் கதவில் எண் எழுதாமல், கையிலிருந்த கருவியில் 'பூட்டு' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நாலாம் நாள் அப்பா போய்விட்டார். பதினாறு கழிந்த கையோடு மாரிசெல்வி மின்சார ரசீது, ரேஷன் அட்டை, அப்பாவின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எங்கே போனாலும் ஒரே பதில். திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். 'பூட்டு.' அந்த ஒரு சொல் நாற்பது வருஷக் குடித்தனத்தைவிடக் கனமாக இருந்தது. அன்றிலிருந்து அம்மா பேராச்சி பகலில் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. பாண்டுப்பில் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

"ஒரு வாரம் டயம் தாங்க சார். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள் மாரிசெல்வி.

"கம்பெனிக்காரா வெள்ளிக்கிழமை ஃபைல் பண்ணணும்னு குதிக்கறா."

"ஞாயித்துக்கிழமை என் நாள்தான் சார். அடுத்த வெள்ளிக்குப் பண்ணலாம்."

அவர் நெற்றியைத் தடவினார். "போ. ஆனா இது ஆபீஸ் வேலை இல்லை. கால் வழுக்கி விழுந்தா என்னைக் கேக்கப்படாது."

அம்மாவிடம் சொன்னபோது பேராச்சி முதலில் திட்டினாள். "யாரு வீடோ போனா ஒனக்கென்னட்டி? நம்ம வீட்டப் பாக்கவே நாதியில்ல. சோலி போயிட்டுன்னா என்ன செய்வ?" பிறகு கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவிய அப்பா அம்மையும் ஆஸ்பத்திரிக்கா போயிருந்தாவ?"

"இல்லம்மா. வெயிலுக்குத் தண்ணி வத்திப்போகும். மாட்டப் பத்திட்டுக் கீழ ஆத்துக்கு எறங்கிருவாவளா இருக்கும்."

"அதுக்கு இல்லன்னு எழுதிருவானாக்கும். போயிட்டு வா. நான் இங்கன இருக்கேன்" என்றாள் பேராச்சி.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை தாதரில் கசாரா லோக்கலைப் பிடிக்கப் போனபோது நடைமேடையில் ஜஹாங்கீர் பாய் குடையும் பிஸ்கட் பொட்டலமுமாக நின்றிருந்தார். "நீ மட்டும் போனா வழி தெரியாம எங்கயாவது நிப்பே" என்றார். அவர் வந்தது வழிகாட்ட மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கேட்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கி, ஜீப்பில் போய், பிறகு நடந்தார்கள். மலை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஜஹாங்கீர் பாய் மூன்று தடவை விழுந்தார். மூன்று தடவையும் எழுந்து, "இந்தப் பாறைக்குப் பர்மிஷன் வேற வேணுமாக்கும்" என்றார்.

மேலே முதலில் தெரிந்தது புகை. பிறகு நீலம். பிறகு ஒரு நாய் ஓடிவந்து இரண்டு பேரையும் நிறுத்திவைத்தது. நாயை அதட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் மழைக்கு உர மூட்டைச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். பெயர் தோண்டாபாய். மாரிசெல்வியை விட்டுவிட்டு நேரே ஜஹாங்கீர் பாயைப் பார்த்தாள்.

"மே மாசம் இங்கே ஒரு பூச்சியைப் பறக்கவிட்டது நீதானே?" என்று மராத்தியில் கேட்டாள். "கீழே ஆற்றங்கரையிலிருந்து பார்த்தோம். எருமையெல்லாம் மிரண்டு ஓடியது."

"நான்தான்" என்றார் ஜஹாங்கீர் பாய்.

"கீழே வந்து கேட்டிருக்கலாமே. அரை நாள் நடை."

அவர் குடையை மடக்கினார், விரித்தார். "பூட்டியிருந்தது. கொட்டகை என்று எழுதிவிட்டேன்" என்று தன் பம்பாய் மராத்தியில் உண்மையைச் சொன்னார்.

"உன் வீட்டுக்கு நீ பூட்டுப் போடுவதில்லையா? அப்போது உன் வீட்டில் என்ன மாடா இருக்கிறது?"

அதற்குள் கூடிவிட்ட பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். மாரிசெல்வி வரைபடத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். மேல் ஏரி, கீழ் ஏரி, இருபத்திரண்டு துளை. சொல்லிமுடித்து, "இப்போது ஆய்வுக்கு மட்டும்தான் அனுமதி கேட்கிறார்கள்" என்றாள். அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு அந்தச் சொற்கள் அவள் வாயிலும் வந்துவிட்டன. சொன்ன பிறகுதான் கூசியது.

"யாரிடம் கேட்கிறார்கள்?" என்றாள் தோண்டாபாய்.

"வனத்துறையிடம்."

"அவர்கள் இங்கேயா இருக்கிறார்கள்?"

"இல்லை."

"நீ இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறாய். நீ கேள்."

பதினோரு வருஷத்தில் எத்தனையோ மலைக்கும் ஆற்றுக்கும் அனுமதி கேட்கும் தாள்களில் மாரிசெல்வியின் பெயர் போயிருக்கிறது. இருக்கிறவர்களிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. டீக் குவளையைக் கீழே வைத்தாள்.

"உங்கள் இடத்தில் இருபத்திரண்டு துளை போட்டுப் பார்க்கலாமா?"

"கூடாது" என்றாள் தோண்டாபாய். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். பிறகு வரைபடத்தை இழுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் எண் துளை எங்கே விழுகிறது என்று கேட்டுக் கேட்டு நிதானித்துக்கொண்டு, மழையில் அவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். ஒரு பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. பங்குனி மாதம் வரைக்கும் பதினேழு வீடும் குடிப்பது இதைத்தான், இது நின்றால் நாங்கள் கீழே இறங்குவோம் என்றாள். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒன்பது என்ற எண்ணும் மட்டும் இருந்தன. ஜஹாங்கீர் பாய் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எடுத்தார்.

பெயர் கேட்டபோதுதான் தடங்கல் வந்தது. "வீட்டை எழுதிக்கொள். பெயரை எழுதாதே" என்றாள் தோண்டாபாய். முந்தின வருஷம் ரேஷனுக்கு என்று ஒருவன் பெயர்களை வாங்கிப் போனானாம். அந்தப் பெயர்கள் எல்லாம் வேறு எதற்கோ சம்மதம் என்று ஒரு தாளில் வந்து நின்றனவாம். "பெயர் வேண்டுமென்கிறவன் ஏறி வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்."

திங்கட்கிழமை மாரிசெல்வி மூன்று விஷயங்களை விண்ணப்பத்தில் ஏற்றினாள். பதினேழு வீடுகள், வருஷத்தில் பத்து மாதம் குடியிருப்பு. ஒன்பதாம் துளையில் குடிநீர் ஊற்று. குடியிருப்போரிடம் அனுமதி கேட்கப்பட்டது, மறுத்துவிட்டார்கள்.

அனந்தநாராயணன் படங்களை வெகுநேரம் பார்த்தார். முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டினார். மூன்றாவதில் பேனாவை வைத்துத் தட்டினார். "இது என்ன?"

"கேட்டேன் சார். கூடாதுன்னாங்க."

"உன்னை யார் கேக்கச் சொன்னா? பெர்மிஷனுக்குப் போற பேப்பர்ல, பெர்மிஷன் இல்லைன்னு நாமே எழுதறதா? கம்பெனிக்காரா சிரிப்பா."

"சிரிக்கட்டும் சார். நடந்ததுதான்."

"முதல் ரெண்டும் இருக்கட்டும். அதுக்கே நான் வாங்கிக் கட்டிக்கணும். மூணாவது போயிடணும்."

"நீங்க எடுத்திட்டா அத நான் தனியா என் பேருல ஒரு கடுதாசி எழுதி அந்த வனத்துறை ஆபீஸ்லயே குடுத்து முத்திரை வாங்குவேன். ஒளிச்சுச் செய்யல சார். முன்னாலயே சொல்லுதேன்."

"மெரட்டறயா?"

"சொல்லுதேன்."

அனந்தநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷத்துல இந்த மாதிரி நாப்பது பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். "ஒரு தடவைகூட மேலே ஏறிப் பாத்ததில்லை. அதை இவாகிட்டயெல்லாம் சொல்லிண்டிருக்காதே." பிறகு, "உனக்கு என்ன தோணறதோ பண்ணிக்கோ. என் விண்ணப்பத்துல அந்த வரி இருக்காது" என்றார்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் பதினேழு வீட்டோடும் ஊற்றோடும் போனது. திங்கட்கிழமை மாரிசெல்வியின் கடிதம் போனது. முத்திரை போட்ட நகலை அவளே கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். திட்டக் கம்பெனியிலிருந்து தொலைபேசியில் யாரோ கத்தினார்கள். அடுத்த வாரமே அவளை அந்த வேலையிலிருந்து எடுத்து ஒரு சாலை விரிவாக்க வேலைக்கு மாற்றினார்கள். இதோடு நிற்குமா, வேலையே போகுமா என்று தெரியாமல் ஆகஸ்ட் முழுக்கப் போனது. அவள் தினமும் சரியான நேரத்துக்கு வந்தாள், சரியான நேரத்துக்குப் போனாள். யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

செப்டம்பரில் வனத்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆய்வுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இரண்டு கேள்விகள். பதினேழு வீடுகள் இருப்பதாக எந்த ஆதாரத்தில் கூறுகிறீர்கள்? அனுமதி மறுத்ததாகச் சொல்லப்படும் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் என்ன?

அனந்தநாராயணன் அதை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "நீ ஆரம்பிச்சது. நீயே பதில் எழுது" என்று வைத்துவிட்டுப் போனார்.

மாரிசெல்வி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அரசாங்கத்தின் தலைப்பும் எண்ணும் போட்ட ஒரு தாளில் பதினேழு வீடு என்று அச்சாகியிருந்தது. கேள்வியாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்கிறவனுக்கும் இனி 'இல்லை' என்று சொல்வது அத்தனை சுலபமில்லை. சாலைப் படத்தை மூடிவிட்டுப் புதுத் தாளைத் திறந்தாள். முதல் கேள்விக்கு நேரில் சென்று பார்த்த தேதியையும், ஜஹாங்கீர் பாயின் முழுப் பெயரையும் தன் முழுப் பெயரையும் எழுதினாள். இணைப்பாகப் பதினேழு வாசல் படங்கள். இரண்டாவது கேள்விக்கு எழுதியதை அச்செடுத்து அனந்தநாராயணனிடம் கொண்டுபோனாள்.

அவர் நின்றுகொண்டே படித்தார். "'நேரில் வந்து கேட்கவும்'னு கவர்மென்ட்டுக்கு எழுதலாமோ?"

"அவங்க அப்படித்தான் சார் சொன்னாங்க."

"ஒரு 'தயவுசெய்து' சேர்த்துக்கோ" என்றார். வேறெதையும் அவர் மாற்றவில்லை. "மாத்திக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மாரிசெல்வி திரும்பிப் போய் அந்தச் சொல்லைச் சேர்த்தாள். பிறகு, போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று தானாக இன்னொரு வரியும் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இப்படி முடிந்தது: 'பெயர்களைத் தர அவர்களுக்கு விருப்பமில்லை. வேண்டுவோர் தயவுசெய்து நேரில் வந்து கேட்கவும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏற இரண்டு மணி நேரம் ஆகும்.'